விண்டோ ஹேங் ஆகாமல் வேலை வாங்க: பின்னணி த்ரெட்டிலிருந்து திரைக்குச் செய்தி அனுப்பும் வழி

தெரிந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவருக்குப் பைத்தானில் சின்ன ப்ரோக்ராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரே படம் இரண்டு மூன்று ஃபோல்டர்களில் கிடந்தால் கண்டுபிடித்துச் சொல்லும். என் லேப்டாப்பில் 200 படங்களை வைத்துச் சோதித்தபோது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவரோ கல்யாண ஆல்பங்கள் எல்லாம் கிடக்கும் ஹார்ட் டிஸ்கைக் காட்டிப் பட்டனை அழுத்தினார். சுமார் 40,000 கோப்புகள். சில விநாடிகளில் விண்டோ வெளுத்துப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து நின்றது. “தம்பி, செத்துப்போச்சா?” என்றார். சாகவில்லை. உள்ளே வேலை ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது. அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

அந்த வழியைப் போடுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுக்குப் பைத்தானையும், அதில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் டிகின்டரையும் வைத்துக்கொள்கிறேன். விண்டோஸில் டிகின்டர் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடும். உபுண்டுவில் அதற்கென்று தனி பேக்கேஜ் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். முழு நிரலையும் இங்கே தரப்போவதில்லை. எதை எங்கே எழுத வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். நீங்களே தட்டச்சு செய்து, நீங்களே ஒருமுறை உடைத்துப் பார்த்தால்தான் இது கைக்கு வரும்.

ஏன் ஹேங் ஆகிறது

விண்டோ ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறோம் என்றால், உள்ளே ஒரு லூப் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிகின்டரில் அதன் பெயர் மெயின்லூப். மவுஸ் நகர்ந்ததா, பட்டனை அழுத்தினார்களா, மேலே மறைத்திருந்த வேறொரு விண்டோ விலகியதால் மறுபடி வரைய வேண்டுமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டனுக்காக நீங்கள் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடுவதும் அந்த லூப்தான். ஃபங்ஷன் முடிந்து திரும்பும்வரை லூப் அங்கேயே நிற்கும். அதற்குள் 40,000 கோப்புகளைப் படிக்க உட்கார்ந்துவிட்டால் வரைவதற்கும் ஆளில்லை, கேன்சல் பட்டனைக் கேட்பதற்கும் ஆளில்லை. விண்டோஸ் 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த விண்டோ பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு ஒரு குறுக்குவழி எல்லோர் கண்ணிலும் படும்: வேலைக்கு நடுநடுவே டிகின்டரின் அப்டேட் ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரையைப் புதுப்பிப்பது. விண்டோ உயிரோடு இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்த இடைவெளியில் பயனர் அதே பட்டனை இன்னொரு முறை அழுத்தினால், முதல் வேலை பாதியில் நிற்க, அதன் வயிற்றுக்குள்ளேயே இரண்டாவது வேலை தொடங்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது அதே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்தில் போடுவோம். போட்டதும் அடுத்த ஆசை வரும்: அந்த த்ரெட்டிலிருந்தே லேபிளை மாற்றிவிட்டால் என்ன? டிகின்டரில் இது பல நேரம் வேலையும் செய்யும், அதுதான் ஆபத்து. வேறு த்ரெட்டிலிருந்து வரும் அழைப்பை அது மெயின்லூப் ஓடும் மெயின் த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டு, பதில் வரும்வரை அந்த த்ரெட்டைக் காக்க வைக்கிறது. மெயின்லூப் ஓடாத நேரத்தில் அழைத்தால், மெயின் த்ரெட் மெயின்லூப்பில் இல்லை என்று ரன்டைம் எரர் வரும். க்யூட்டி போன்ற வேறு விண்டோக் கருவிகளிலோ ப்ரோக்ராம் மொத்தமாகவே விழலாம், அதுவும் பத்து முறையில் ஒரு முறை மட்டும். அப்படிப்பட்ட பிழையைத் தேடுவது பெரிய தலைவலி.

பட்டன், லேபிள் போன்ற எல்லா விட்ஜெட்டுக்கும் பூட்டுப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்று என்ற கணக்கில் எந்த த்ரெட்டும் தொடலாம் என்று வைத்திருக்கக் கூடாதா? முயன்றிருக்கிறார்கள். ஜாவாவைச் செய்த சன் நிறுவனத்தில் இருந்த கிரஹாம் ஹாமில்டன் 2004இல் இதற்கு நல்ல விளக்கம் ஒன்று எழுதினார். மவுஸ் அழுத்தம் போன்றவை ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து உங்கள் நிரலை நோக்கி மேலே ஏறுகின்றன. ‘இந்த எழுத்தை மாற்று’ போன்ற கட்டளைகள் உங்கள் நிரலிலிருந்து கீழே இறங்குகின்றன. இரண்டும் அதே பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்கும். ஒற்றையடிப் பாலத்தில் இரண்டு பக்கமிருந்தும் வண்டி ஏறிய கதைதான். அதனால்தான் இன்று புழக்கத்தில் உள்ள பெரிய கருவிகள் எல்லாம் திரையை ஒரே த்ரெட் மட்டும் தொட வேண்டும் என்று வைத்திருக்கின்றன.

ஆகவே விதி இது: பின்னணி த்ரெட் எந்த விட்ஜெட்டையும் தொடக் கூடாது. என்ட்ரி பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதும் தொடுவதில் சேர்த்திதான். அது செய்ய வேண்டியது, நடந்ததை ஒரு சீட்டில் எழுதிக் க்யூவில் போடுவது மட்டும். மெயின்லூப் தனக்கு நேரம் கிடைக்கும்போது அந்தச் சீட்டை எடுத்துப் படித்து, திரையைத் தன் கையால் மாற்றும்.

படி 1: த்ரெட்டைக் கிளப்புவது

பட்டனின் ஃபங்ஷனில் நான்கே வேலைகள். ஃபோல்டர் பாதையை என்ட்ரி பெட்டியிலிருந்து இப்போதே படித்து ஒரு மாறியில் வையுங்கள். ஸ்டார்ட் பட்டனை முடக்குங்கள். த்ரெடிங் மாடுலின் த்ரெட் வகுப்பில் ஒரு ஆப்ஜெக்ட் செய்யுங்கள். டார்கெட் என்ற இடத்தில் வேலை ஃபங்ஷனின் பெயரையும், ஆர்க்ஸ் என்ற இடத்தில் பாதையை ஓர் உறுப்புள்ள டியூப்பிளாகவும் (மாற்ற முடியாத பட்டியல்) கொடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். டார்கெட்டில் ஃபங்ஷனின் பெயரோடு அடைப்புக்குறியும் போட்டுவிட்டால், த்ரெட் பிறப்பதற்கு முன்பே ஃபங்ஷன் மெயின் த்ரெட்டில் ஓடத் தொடங்கிவிடும். ஸ்டார்ட் என்பதற்குப் பதில் ரன் என்று கூப்பிட்டாலும் அதே கதி. இரண்டிலும் எரர் எதுவும் வராது. விண்டோ மட்டும் பழையபடி வெளுத்துப்போகும். ‘த்ரெட் போட்டும் ஹேங் ஆகிறதே’ என்று யாராவது புலம்பினால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

படி 2: சீட்டில் என்ன எழுதுவது

க்யூவுக்குப் பைத்தானிலேயே க்யூ என்ற மாடுல் இருக்கிறது. பூட்டு வேலையை எல்லாம் அது தனக்குள் பார்த்துக்கொள்ளும். எந்த த்ரெட்டும் போடலாம், எந்த த்ரெட்டும் எடுக்கலாம், போட்ட வரிசையிலேயே வெளியே வரும். போடுவதற்குப் புட், எடுப்பதற்கு கெட்.

ஒவ்வொரு சீட்டையும் மூன்று உறுப்புள்ள ஒரு டியூப்பிளாக வைப்பது என் வழக்கம்: வேலை எண், வகை, உள்ளடக்கம். வகைகள் ஐந்து போதும். மொத்தம் இத்தனை கோப்பு, இதுவரை இத்தனை முடிந்தது, ஒரு ஜோடி கிடைத்தது, பிழை, முடிந்தது. வேலை எண் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளடக்கம் விஷயத்தில் நான் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். ஒரே மாதிரியான படங்களின் பெயர்களை ஒரு லிஸ்டில் சேர்த்து, அந்த லிஸ்டைக் க்யூவில் போட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்காக அதையே க்ளியர் செய்தேன். திரையில் வெற்று வரிகளாக வந்தன. க்யூ எதையும் நகல் எடுப்பதில்லை. அந்த லிஸ்ட் இருக்கும் இடத்தை மட்டுமே கைமாற்றுகிறது. திரை அதைப் படிக்க வருவதற்குள் நான் அழித்திருந்தேன். அன்றிலிருந்து மாறக்கூடிய எதையும் சீட்டில் போடுவதில்லை. லிஸ்ட் என்றால் டியூப்பிளாக மாற்றித்தான் அனுப்புவது. போட்டபிறகு அது உங்களுடையது இல்லை, தபால் பெட்டிக்குள் போய்விட்ட கடிதம்.

படி 3: சீட்டை எடுப்பது

மெயின் த்ரெட்டில் ‘பார்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அது க்யூவிலிருந்து சீட்டுகளை எடுத்து, வகையைப் பார்த்து, லேபிளையோ ப்ரோக்ரஸ் பாரையோ மாற்றும். கடைசி வரியில் டிகின்டரின் ஆஃப்டர் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, 100 மில்லிவிநாடி கழித்துத் தன்னையே மறுபடி கூப்பிடச் சொல்லும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்பது மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய உடனடிதான். அதற்கு மேல் அவசரப்பட்டுப் பயனில்லை.

எடுக்கும்போது வெறும் கெட் கூடாது. க்யூ காலியாக இருந்தால் அது சீட்டு வரும்வரை காத்து நிற்கும். மெயின் த்ரெட்டில் காத்து நின்றால் விண்டோ மறுபடி ஹேங். கெட் நோவெயிட் என்பதைப் பயன்படுத்துங்கள். காலியாக இருந்தால் எம்ப்டி என்ற எக்ஸெப்ஷனை எழுப்பும்; அதைப் பிடித்து லூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

ஆஃப்டருக்குக் கொடுக்கும்போதும் பெயர் மட்டும்தான், அடைப்புக்குறி கூடாது. போட்டால் ‘பார்’ தன்னைத்தானே உடனே கூப்பிட, அது மறுபடி கூப்பிட, ஏறக்குறைய 1000 ஆழம் போனதும் ரிகர்ஷன் எரர் வந்து விழும். இது குறைந்தபட்சம் சத்தம் போட்டு விழுகிறதே என்று நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இத்தனையும் முடித்தால் ப்ரோக்ரஸ் பார் நகரும், விண்டோவைப் பிடித்து இழுக்கலாம். பல பாடங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நான் அவரிடம் முதலில் கொடுத்ததும் இந்த அளவில்தான். மறுநாளே போன் வந்தது.

படி 4: சீட்டு மழை

கோப்புக்கு ஒரு சீட்டு என்று வைத்தால் 40,000 சீட்டு. எங்கள் ப்ரோக்ரஸ் பார் 300 பிக்ஸல் அகலம். அதாவது 133 கோப்பு முடிந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிக்ஸல் நகரும். மீதி 132 சீட்டும் வீண் எழுத்து. வீண் என்பதோடு போகாது: சின்னக் கோப்புகள் நிறைய இருக்கும்போது பின்னணி த்ரெட் போடும் வேகத்தில் திரையால் எடுத்து வரைய முடியாது. ‘காலியாகும்வரை எடு’ என்று எழுதியிருந்தால் அந்த லூப் முடிவதே இல்லை. த்ரெட் போட்டும் ஹேங்.

இரண்டு பக்கமும் அணை போட வேண்டும். அனுப்பும் பக்கத்தில், கடைசியாக முன்னேற்றச் சீட்டு போட்ட நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, 100 மில்லிவிநாடி ஆகியிருந்தால் மட்டும் அடுத்ததைப் போடுங்கள். நேரம் பார்க்க டைம் மாடுலின் மோனோடோனிக் நல்லது; யாராவது கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் திருத்தினாலும் அது பின்னோக்கிப் போகாது. எடுக்கும் பக்கத்தில், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 200 சீட்டு என்று வரம்பு வையுங்கள். மீதி அடுத்த சுற்றில்.

ஆனால் எல்லாச் சீட்டும் சமமல்ல. முன்னேற்றச் சீட்டில் கடைசியாக வந்தது மட்டுமே முக்கியம், இடையில் உள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாம். ‘ஜோடி கிடைத்தது’, ‘பிழை’, ‘முடிந்தது’ மூன்றில் ஒன்றைக்கூட விடக் கூடாது. நேர வரம்பை எல்லா வகைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, கிடைத்த ஜோடிகளில் பாதி ஏன் காணவில்லை என்று தேடாதீர்கள்.

படி 5: த்ரெட் வாய் திறக்காமல் செத்தால்

பின்னணி த்ரெட்டில் எக்ஸெப்ஷன் எழுந்தால், பைத்தான் அதை கன்சோலில் அச்சிட்டுவிட்டு அந்த த்ரெட்டை முடித்துவிடும். கன்சோல் இல்லாமல் ஓடும் ப்ரோக்ராமில் அந்த எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ப்ரோக்ரஸ் பார் 37 சதவீதத்தில் நின்றது நின்றபடி இருக்கும்; பயனர் பொறுமையாகக் காத்திருப்பார். மறுநாள் போன் வந்ததன் காரணம் இதுதான். ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை, அவ்வளவே.

இரண்டு அடுக்காகப் பிடியுங்கள். ஒரு கோப்பைப் படிப்பதைச் சுற்றி ஒரு ட்ரை. தவறினால் கோப்பின் பெயரோடு ‘பிழை’ சீட்டு போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போகலாம். வேலை ஃபங்ஷன் முழுவதையும் சுற்றி இன்னொரு ட்ரை. அதன் ஃபைனலியில் ‘முடிந்தது’ சீட்டு. வேலை நல்லபடியாக முடிந்தாலும் பாதியில் அறுந்தாலும் கேன்சல் ஆனாலும் அந்தச் சீட்டு கட்டாயம் வரும். க்யூ போட்ட வரிசையிலேயே தருவதால், அதைப் பார்த்துவிட்டால் அந்த த்ரெட்டிலிருந்து இனி எதுவும் வராது என்று நம்பலாம். ஸ்டார்ட் பட்டனை மறுபடி திறப்பதும், ‘பார்’ ஃபங்ஷன் ஆஃப்டரைக் கூப்பிடுவதை நிறுத்துவதும் அந்த இடத்தில்தான். இரண்டு த்ரெட் போட்டிருந்தால் இரண்டு ‘முடிந்தது’ வரும்வரை எண்ணுங்கள்.

படி 6: கேன்சல், மூடல்

ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து கொல்லும் வழி பைத்தானில் இல்லை. ‘நிறுத்திக்கொள்’ என்று சொல்லலாம், அது கேட்டுக்கொள்ள வேண்டும். த்ரெடிங் மாடுலின் ஈவென்ட் அதற்குத்தான். கேன்சல் பட்டன் அதை செட் செய்யும். வேலை ஃபங்ஷன் அவ்வப்போது ஈஸ் செட் என்று கேட்டுப் பார்க்கும். கோப்புக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். கல்யாண வீடியோ ஒன்றே 4 ஜிபி இருக்கிறது. அது முடியும்வரை கேன்சல் காத்துக்கிடந்தது. இப்போது கோப்பை 1 எம்பி துண்டுகளாகப் படித்து, துண்டுக்கு ஒரு முறை பார்க்கிறேன்.

வேலை எண் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். ‘முடிந்தது’ சீட்டுக்குக் காத்திராமல், கேன்சல் அழுத்தியதுமே ஸ்டார்ட் பட்டனைத் திறந்துவிடுகிறீர்கள் என்று வையுங்கள். பயனர் ஒரு ஃபோல்டரைத் தொடங்கி, கேன்சல் செய்து, உடனே வேறொன்றைத் தொடங்குகிறார். பழைய த்ரெட் இன்னும் ஓய்ந்திருக்காது. அதன் சீட்டுகள் சில க்யூவிலும் கிடக்கும். அவை புதிய பட்டியலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தொடக்கத்திலும் எண்ணை ஒன்று கூட்டி, த்ரெட்டிடம் கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எண் நடப்பு எண்ணோடு பொருந்தாவிட்டால் சீட்டைக் கசக்கிப் போடுங்கள். நிறுத்தும் ஈவென்ட்டையும் வேலைக்கு ஒன்றாகப் புதிதாகச் செய்யுங்கள். பழையதையே துடைத்து மறுபடி பயன்படுத்தினால், நிற்கப்போன பழைய த்ரெட் மீண்டும் ஓடத் தொடங்கும். வேலைக்கு ஒரு புதிய க்யூ என்பதும் ஒரு வழிதான். எனக்கு எண் பிடிக்கும். லாக்கில் பார்த்தால் எது எந்த வேலை என்று தெரிகிறது.

விண்டோவை மூடுவது இதைவிடக் கொஞ்சம் சிக்கல். மூடும் குறியை அழுத்தியதும் த்ரெட் முடியட்டும் என்று ஜாயின் போட்டுக் காத்திருக்கலாம் என்று தோன்றும். மெயின் த்ரெட்டில் ஜாயின் போட்டால் விண்டோ உறையும். க்யூவுக்கு அளவு வரம்பு வைத்திருந்தால் இன்னும் மோசம்: க்யூ நிறைந்து பின்னணி த்ரெட் புட்டில் காத்திருக்கும், அதைக் காலி செய்ய வேண்டிய மெயின் த்ரெட் ஜாயினில் காத்திருக்கும். நீ முதலில், நீ முதலில் என்று இரண்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

நான் செய்வது இது. டிகின்டரின் ப்ரோட்டோகால் ஃபங்ஷன் வழியாக மூடும் நிகழ்வை என் கைக்கு எடுத்துக்கொள்கிறேன். வேலை எதுவும் ஓடாவிட்டால் உடனே டெஸ்ட்ராய். ஓடினால், ஈவென்ட்டை செட் செய்துவிட்டு, வித்ட்ரா கொண்டு விண்டோவை மறைத்துவிடுகிறேன். பயனருக்கு அது மூடியாகிவிட்டது. ‘பார்’ மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்து, ‘முடிந்தது’ சீட்டு வந்ததும் டெஸ்ட்ராய் செய்யும். நெட்வொர்க் டிரைவில் மாட்டிக்கொண்டு த்ரெட் பதிலே சொல்லாவிட்டால்? அதற்கு 3 விநாடிக் கெடு ஒன்றை ஆஃப்டரில் போட்டு வைக்கலாம். கெடு தாண்டினால், காத்திருக்கும் ஆஃப்டரை ஆஃப்டர் கேன்சல் கொண்டு நீக்கிவிட்டு மூடுங்கள். நீக்காவிட்டால் ‘இன்வேலிட் கமாண்ட் நேம்’ என்று கன்சோலில் அழும். த்ரெட்டை டீமனாகக் கிளப்பியிருந்தால் ப்ரோக்ராம் முடியும்போது அதுவும் அப்படியே அறுந்துபோகும். எங்கள் வேலை வெறுமனே படிப்பது என்பதால் பாதகமில்லை. கோப்பில் எழுதுகிற வேலைக்கு டீமன் போடாதீர்கள். பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும்.

வேறு கருவி என்றால்

எல்லா இடத்திலும் தத்துவம் இதுதான், பெட்டியின் பெயர்தான் வேறு. க்யூட்டியில் சிக்னல், ஸ்லாட். பெறும் ஆப்ஜெக்ட் வேறு த்ரெட்டைச் சேர்ந்தது என்றால் சிக்னல் தானாகவே க்யூ வழியாகப் போகும். அங்கே ஒரு கண்ணி: க்யூத்ரெட் ஆப்ஜெக்ட், தன்னைச் செய்த த்ரெட்டைச் சேர்ந்ததே தவிர, தான் ஓட்டும் த்ரெட்டைச் சேர்ந்ததல்ல. ஜாவா ஸ்விங்கில் இன்வோக் லேட்டர். ஸ்விங் வொர்க்கர் என்பது சீட்டு மழைக்கும் சேர்த்து வழி செய்திருக்கிறது, பல சீட்டுகளை ஒரே கட்டாகத் திரையிடம் கொடுக்கும். டாட்நெட்டில் இன்வோக் காத்திருக்கும், பிகின் இன்வோக் காத்திருக்காது. புதியவர்கள் இரண்டாவதையே எடுங்கள். ஜிடிகேயில் ஐடில் ஆட். அங்கே ஃபங்ஷன் ஃபால்ஸ் திருப்பித் தர வேண்டும், ட்ரூ தந்தால் ஓயாமல் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பைத்தானுக்கு மட்டும் ஒரு சொல். கோப்பு படிப்பதும் பெரிய துண்டுகளுக்கு ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிடுவதும் ஜில் எனப்படும் பைத்தானின் பொதுப் பூட்டை விட்டுக்கொடுத்துவிட்டுச் செய்யும் வேலைகள். அதனால் திரை சுகமாக ஓடும். பைத்தான் வரிகளிலேயே கனமான கணக்குப் போட்டால் த்ரெட் போட்டும் திரை திக்கும். அப்போது மல்டிப்ராசஸிங்குக்குப் போங்கள். அதன் க்யூவிலும் புட், கெட் நோவெயிட் இரண்டும் இதே போலத்தான். ‘பார்’ ஃபங்ஷன் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

கொடுப்பதற்கு முன் சோதனை

கோப்புக்கு ஒரு முறை அரை விநாடி ஸ்லீப் போட்டு வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். ஓடும்போது விண்டோவை இழுத்துப் பாருங்கள். நடுவில் மூடுங்கள், டாஸ்க் மேனேஜரில் ப்ரோக்ராம் மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். தொடங்கு, கேன்சல், தொடங்கு என்று வேகமாக அழுத்துங்கள். பிறகு ஸ்லீப்பை எடுத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைக் கொடுங்கள். அனுமதி இல்லாத ஃபோல்டர் ஒன்றையும், காலி ஃபோல்டர் ஒன்றையும் மறக்க வேண்டாம்; மொத்தம் 0 என்று வந்தால் சதவீதக் கணக்கு பூஜ்யத்தால் வகுக்கப் போகும்.

ஸ்டூடியோக்காரரிடம் இப்போது ஓடுவது இந்த வடிவம்தான். போன வாரம் அவர் கேட்டது: கண்டுபிடித்த படங்களை அப்படியே அழித்துவிட ஒரு பட்டன். பாதியில் கேன்சல் அழுத்தினால் எதுவரை அழிந்தது என்று சொல்லும் சீட்டை எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்தப் பட்டன் இல்லை.